திரும்பி வந்த பல்செட்

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று அந்தப் பல் மருத்துவமனையில் யாராவது கேட்டால், பெரியவளைத்தான் கைகாட்ட வேண்டும். கொழுந்தன் மனைவி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வரவேற்பு மேசை வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவளேதான். ஒரே வீட்டின் இரண்டு மருமகள்கள், ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். வீட்டில் கூப்பிடுவதுபோலவே வேலையிடத்திலும் பெரியவள், சின்னவள் என்ற பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

நோயாளிகளின் கணக்கைச் சரிசெய்வது பெரியவளின் வேலை. காப்பீட்டுக் கம்பெனி சொன்னதைவிடக் குறைத்துக் கொடுத்திருக்கும். ஒருவருக்கு அடைத்த பல் இன்னொருவர் பில்லில் ஏறியிருக்கும். வேர் சிகிச்சைக்கு முன்பணம் கட்டியவர், மனசு மாறி, பல்லையே பிடுங்கிக்கொண்டு போயிருப்பார். இதையெல்லாம் கூட்டிக் கழித்து நேராக்குவதற்கு அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். ஒருமுறை போட்ட பதிவை அழிக்கக் கூடாது; தவறென்றால் அதை ரத்துசெய்யும் எதிர்ப்பதிவு போட்டுப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். டாக்டரம்மாவே ஒருவருக்குச் சலுகை தரச் சொன்னாலும், ஏன், எதற்கு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் பெரியவள் கீபோர்டைத் தொடுவாள்.

சின்னவள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பில்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். கணக்கு என்றால் அவளுக்கு வேப்பங்காய். ஆனால் முழுசாகத் திட்டு வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க இடத்துல நான் இருந்தாலும் கத்தித்தான் இருப்பேன்" என்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டுப் போவார். நேராக்கிக் கொடுத்தது பெரியவள், நல்ல பெயர் சின்னவளுக்கு. வீட்டிலும் மாமியார் அவளைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பச்சைப் பொறாமை.

பிறகு டாக்டரம்மா, வேலை கூடிவிட்டது என்று சொல்லி, அட்ஜஸ்ட்மென்ட் போடும் அனுமதியைச் சின்னவளுக்கும் கொடுத்தாள். பெரியவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போனால் அந்த நாற்காலியில் தான் எதற்கு என்று நினைத்தாள்.

அதிலிருந்து சின்னவள் போடும் ஒவ்வொரு பதிவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கடைசியில் ஒன்று சிக்கியது. வயசான தையல்காரர் ஒருவருக்குப் புதிதாகப் பல்செட் செய்து கொடுத்திருந்தார்கள். அவர் பாக்கி முழுவதையும் சின்னவள் தள்ளுபடி செய்து, 'டாக்டர் சொன்னார்' என்று எழுதியிருந்தாள். தேதியைப் பார்த்தால், டாக்டரம்மா வெளியூர் போயிருந்த நாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பெரியவள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பதிவு போட்டாள், பில்லை அச்செடுத்தாள், கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தாள். காரணம் கேட்காமல் எதையும் செய்யாதவள் அன்று கேட்காமல் செய்தாள்.

அடுத்த வாரம் தையல்காரர் வந்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே பல்செட், கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பொக்கை வாயால் அவர் சொன்னது பாதி காற்றாகத்தான் வந்தது. கடையை மூடியாகிவிட்டது, இவ்வளவு பணத்துக்கு வழியில்லை, அதிகம் போட்டுப் பழகவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சின்னவள் அவர் கொண்டுவந்த பில்லின் கையெழுத்தைப் பார்த்தாள். பெரியவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா, நான்தான் தப்பா அடிச்சிட்டேன். உங்க பாக்கி வேண்டாம்னு டாக்டர் அன்னைக்கே எனக்குப் போன்ல சொல்லிட்டாங்க."

எனக்குப் போன்ல. பெரியவளுக்கு அந்த இடத்திலேயே சுருக்கென்றது. தன்னிடம் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும் என்றுதான் டாக்டரம்மா சின்னவளைக் கூப்பிட்டிருக்கிறாள். இதற்குள் தையல்காரர் சின்னவளின் தலையில் கை வைத்து, "போகட்டும்மா, மனுஷங்கதானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் பெரியவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. செய்த தப்பு தன்னுடையது, அதற்குக் கிடைக்கிற ஆசீர்வாதமும் அவளுக்கா?

"அவ இல்ல. நான்தான் போட்டேன்" என்று எழுந்து நின்றாள். நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

தையல்காரர் கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியும்மா. எப்பவும் பில்லுல இருக்கிற உங்க கையெழுத்து இருந்துச்சே. நீங்க போட்ட கணக்கு தப்பா இருக்காதுன்னுதான் கழட்டிக் கொண்டாந்தேன்."

பெரியவளே பல்செட்டை எடுத்துப்போய்க் குழாயில் நன்றாக அலசிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு, தாடையை அசைத்துப் பார்த்து, சின்னவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். பெரியவள் உட்கார்ந்து எதிர்ப்பதிவுக்கு எதிர்ப்பதிவு போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் 'என் தவறு' என்று அடித்தாள்.

அன்று பஸ்ஸில் சின்னவள் வழக்கம்போலப் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். பாதி வழியில் அவள் பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்த பில்லுல என் கையெழுத்து இருந்திருந்தா அவர் நம்பியிருக்க மாட்டார் இல்ல? நேரா சண்டைக்குத்தான் வந்திருப்பார்."

அவள் குரலில் பொறாமை இருந்தது. பெரியவளுக்கா அது தெரியாது? இத்தனை மாதமாக எதற்கு ஏங்கினாளோ அது பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

சண்டைக்கு வந்திருந்தால் அவர் கழற்றாமல், வாயில் பல்லோடு வந்திருப்பார்.