எடை மெஷினை மாற்றி வந்தவர்

பழைய இரும்புக்கடைக்காரருக்கு எடை மெஷின் விற்க முடியுமா? பாவம், அன்று மெஷின் விற்ற கடைக்காரர் பட்ட பாடு! உடம்பைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார் என்று, குளியலறையில் வைக்க ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கப் போயிருந்தார் நம்மவர். அலமாரியில் இருந்த அத்தனையையும் இறக்கச் சொல்லி, ஏறினார், இறங்கினார், ஒற்றைக் காலில் நின்றார், கவிழ்த்துப் போட்டுத் தட்டினார்.

"இதை நம்பலாமா?"

"கண்ணை மூடிட்டு வாங்குங்க சார்."

"என் கடைக்கு வர்றவங்ககிட்ட நானும் இதைத்தான்யா சொல்றேன்" என்றார்.

பெருமை வேறு! ஊரார் மூட்டையில் கொஞ்சம் குறைத்துக் காட்டியே பிழைப்பை ஓட்டியவர் அவர். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடும் கண் அவருக்கு.

தினமும் காலையில் முதலில் அவர் ஏறுவார். எண் இம்மி அசையாது. அடுத்து மனைவி விளையாட்டாக ஏறுவாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது, அவர்தான் குனிந்து படித்துச் சொல்வார். அவள் எடை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

"பாத்தீங்களா? டாக்டர் சொன்னது உங்களுக்கு, குறையறது எனக்கு!" என்று சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "என் தலையிலயே மிளகாய் அரைச்சுட்டானே! பெரிய மூட்டைக்குச் சரியாக் காட்டி நம்ப வைக்கும், சின்ன மூட்டையில கை வைக்கும். நான் பண்ணாத வித்தையா இது?" என்று குதித்தார். சண்டை போட்டு மெஷினை மாற்றி வந்தார். புதியதும் குறைத்தது. அதையும் மாற்றினார். மூன்றாவதும் அப்படியே.

'இருடா, உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன்' என்று, கடையிலிருந்து முத்திரை போட்ட இருபது கிலோக் கல் இரண்டைச் சுமந்து வந்து மெஷின்மேல் அடுக்கினார். நாற்பது என்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே நாற்பது.

மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இதுல ஏறு."

அவள் ஏறினாள். கல்லுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்போதுதான் அவளையே பார்த்தார். வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. ரவிக்கையை முதுகுப்பக்கம் பிடித்து ஊக்கு குத்தியிருந்தாள்.

"எப்பலேருந்து இப்படி ஊக்கு குத்துற?"

"கொஞ்ச நாளா. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. நீங்கதான் மெஷின் கோளாறுன்னு சொன்னீங்களே, நானும் அதான்னு இருந்துட்டேன்."

"ஐயோ! புடவையை மாத்து, டாக்டர்கிட்ட போறோம்."

"கடை?"

"கடை எக்கேடும் கெடட்டும். கிளம்பு!"

டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். டாக்டரின் முகம் மாறியது. "இவ்வளவு இளைச்சிருக்காங்க, வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"தினம் கவனிச்சேன் டாக்டர்" என்றார் இரும்புக்கடைக்காரர். "நான்தான் குனிஞ்சு படிச்சு அவகிட்ட சொன்னேன்."