ஆறு பொத்தான்கள்

மொன்றியலில் நான் துப்புரவு வேலை செய்யும் மண்டபத்தில் ஜப்பான் கார்ட்டூன் விழா நடந்தது. கார்ட்டூன் படத்தில் வரும் பாத்திரங்களை, மற்ற ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக முதன்முதலில் வரைந்து கொடுக்கும் ஜப்பான்காரர் ஒருவர் வந்திருந்தார். நரைத்த தாடி, விரலில் காய்ப்பு. அழிறப்பர் தூளை ஒவ்வொரு தடவையும் தானே கடதாசியில் கூட்டி எடுத்தார்.

என் மகள் தனக்குப் பிடித்த பாத்திரம், தான் உடுத்தியிருந்த ஆறு பொத்தான் குளிர்கோட்டை உடுத்தியிருப்பதுபோல் வரைந்து தரக் கேட்டாள். அவர் வரைந்த படத்தில் பொத்தான் மட்டும் வரவில்லை. அவள் முகம் வாடியது.

"ஏனெண்டு கேளன், பிள்ளை" என்றேன்.

இங்கிலீசில் கேட்டுச் சொன்னாள்: "தான் ஒரு பொத்தான் வைச்சால், படம் அசைய மற்ற ஓவியர்மார் அதை ஆயிரம் தரம் கீற வேணுமாம், அப்பா. அவையின்ரை கை நோகுமாம். அந்தப் பழக்கமாம்."

"இதை வேற ஆர் கீறப் போகினம்?"

நான் கேட்டதை மகள் அவரிடம் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, ஆறு பொத்தானையும் நூலோட்டையோடு வரைந்தார்.

அவர் எழும்பிப் போன மேசையில் எனக்குத் துடைக்க ஒரு தூளும் இருக்கவில்லை. முருகனைக் கும்பிடும்போது அவருடைய அந்தக் கைக்காகவும் கும்பிடுகிறேன்.