அன்னப்பூரணியின் இரண்டாம் பிடி

செருப்பைப் பின்வாசலில் உதறிவிட்டு, கேட்காமலே குசினிக்குள் நுழைந்து, அடுப்படி மூலையில் இருக்கும் முட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு அளைகிறாள் அன்னப்பூரணி. வீட்டுக்காரி வளவில் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இது அம்மாளுட முட்டி. மற்றது எங்க?"

"அது நிரம்பல்லகா. ரெண்டு நாளா வீட்டில கஞ்சிதான்."

"கஞ்சியை என்னத்தில காச்சின? ஆத்து மண்ணிலயா?"

வெளியே சிரிப்புக் கேட்கிறது. சிரித்துவிட்டால் அந்த வீட்டுக்காரி தோற்றுவிட்டாள் என்று பொருள். ஒரு சுண்டு அரிசி அன்னப்பூரணியின் பனையோலை உமலுக்குள் விழுகிறது. நன்றி சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. "மூடியைச் சரியா மூடு, வண்டு விழும்" என்பதுதான் விடைபெறுதல். அடுத்த வேலியில் படலை திறக்கும் சத்தம் கேட்கிறது.

எங்கள் பக்கத்தில் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு முட்டியில் போட்டு வைப்பது வழக்கம். வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வரும்போது அது கோயிலுக்குப் போகும். ஷெல் விழுந்த நாட்களிலும் அந்தப் பிடியை எடுக்காமல் உலை வைத்த பெண்ணை நான் கண்டதில்லை. அந்த முட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு முட்டியை வைக்கச் சொன்னவள் அன்னப்பூரணி. முதல் பிடி அம்மாளுக்கு. இரண்டாம் பிடி வருத்தம், அதாவது நோய், வருகிறவருக்கு. யாருக்கு வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிறவருக்கு, அவ்வளவுதான்.

ஊர் இலகுவில் ஒப்புக்கொள்ளவில்லை. "வருத்தத்துக்கு முட்டி வச்சா, முட்டியைத் தேடிக்கொண்டு வருத்தம் வரும்" என்றார்கள். "அப்ப இவ்வளவு காலமும் முட்டி இல்லாத வீட்டுக்கு வராமலா கிடந்த?" என்று கேட்டுவிட்டு, முட்டியையும் அவளே கொண்டுவந்து வைத்தாள்.

அவளுடைய தொழில் நெல் அவிப்பது. உமி அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, அவித்து, பாயில் பரப்பிக் காயவைத்து, உரலில் குற்றி அரிசியாக விற்கிறாள். டீசல் வராத ஊரில் ஆலை ஓடாது, ஆகவே அவள் உரல் ஓய்வதில்லை. ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உடம்பு. ஆவி பட்டுப் பட்டு முன்கைகள் இரண்டும் மழித்ததுபோல் இருக்கும். தலைமயிரில் எப்போதும் உமி. நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பது தொழில் பழக்கம். நாளடைவில் அது எல்லா நேரத்துக்கும் வந்துவிட்டது. யாரும் எதையாவது சொன்னால் பல்லிடுக்கில் நெல்மணியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். முடிவெடுத்துவிட்டால் "டக்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவளோடு பேசிப் பயனில்லை.

இன்னொரு பழக்கம், பிறர் வீட்டில் உட்காரமாட்டாள். தேத்தண்ணியையும் நின்றபடியே குடிப்பாள். "குந்தினா ஒழும்ப மனம் வராது" என்பாள். அவளுடைய புருசன் ஒரு மாரிகாலத்தில் காய்ச்சலோடு துறையில் தோணிக்காகக் காத்துக் குந்தியிருந்து, குந்தியபடியே போனவர். அதை அவள் சொல்லமாட்டாள். அன்று அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் படுவான்கரையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி எழுவான்கரையில், பட்டினத்தில். நடுவில் வாவி, வாவியோடு சேர்ந்து சண்டை. இந்தக் கரையில் ஒரு ஆட்சி, அந்தக் கரையில் ஒரு ஆட்சி. இங்கே இருந்த சிறிய மருந்தகத்துக்கு இப்போது கூரையும் இல்லை, மருந்து கொடுப்பவரும் இல்லை. வேலையிலிருந்து இளைப்பாறிய தாதியாக நானும், என் காய்ச்சல்மானியும், ஒரு போத்தல் டெற்றோலும் மிச்சம். எங்கள் நாட்டில் வைத்தியம் இலவசம் என்று வானொலியில் அடிக்கடி சொல்கிறார்கள். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அன்னப்பூரணி சொன்னாள்: "ஆஸ்பத்திரி இலவசம்தான் நேர்ஸம்மா. அங்க போய்ச் சேருறதுதான் இலவசமில்ல."

போய்ச் சேர ஒரு தோணி ஊரில் இருந்தது. ஆனால் அது உயிரோடு இருப்பவருக்கானதல்ல.

இந்தப் பகுதியில் ஊருக்கு ஒரு மரணாதாரச் சங்கம் உண்டு. சாவீட்டுக்குப் பந்தல், பெட்டி, வெள்ளைத்துணி, வருகிறவர்களுக்குச் சோறு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. சந்தா கட்டாத வீடு கிடையாது. அடுப்பெரியாத வீடும் அதைக் கட்டிவிடும். பட்டினத்து ஆஸ்பத்திரியில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுவரவென்று எங்கள் சங்கம் ஒரு தோணியும் வைத்திருந்தது. தார் பூசிய அகலமான தோணி. நடுவில் பிரேதத்தை வளர்த்திக் கிடத்த ஒரு நீளப் பலகை, முன்னால் கம்பில் வெள்ளைத்துணி. மற்றத் தோணிகளை நிறுத்திச் சோதிப்பவர்கள், வாவியையே மூடிவிடுகிறவர்கள், அந்த வெள்ளைத்துணியை மட்டும் இரண்டு கரையிலும் மறிப்பதில்லை.

சங்கத்தின் வருடக் கூட்டத்தில், ஆண்கள் இருக்கும் மண்டபத்துக்குள் அன்னப்பூரணி நுழைந்து தூணோரம் நின்றாள்.

"செத்தவரைக் கொண்டுவரத் தோணி இருக்கு. சாகாமல் கொண்டுபோக ஒண்டுமில்ல. இது என்ன நியாயம் தலைவர்?"

தலைவர் வினாயகமூர்த்தி நேர்மையானவர். அவருக்குச் சங்கத்தின் யாப்பு, விதிகள் எல்லாம் மனப்பாடம். "இஞ்ச பாரு அன்னம். சாவு எல்லா வீட்டுக்கும் வரும். அதால எல்லாரும் கட்டுறாங்க. வருத்தம் அப்படியா? ஒருத்தனுக்கு வரும், ஒருத்தனுக்கு வராது. வராதவன் என்னத்துக்குக் கட்டுறது?"

"வராதவன் ஆரெண்டு காட்டுங்க. அவனிட்ட நான் கேக்கல்ல."

தலைவர் சபையைப் பார்த்தார். எவரும் கை உயர்த்தவில்லை. பின்வரிசையில் இருந்து ஒருவர் மட்டும் இருமினார். உடனே அடக்கிக்கொண்டார்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார்கள். வருத்தக்காரரைத் தோணியில் ஏற்றலாம். தோணி தள்ளுபவருக்கும் ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்பவருக்கும் சாப்பாடு சங்கம் தராது. ஒரே நேரத்தில் பிரேதமும் வருத்தக்காரரும் வந்தால் பிரேதத்துக்கே முதலிடம்.

"செத்தவங்களுக்கு என்ன அவசரமெண்டு கேட்டுப் பாருங்க" என்றாள் அன்னப்பூரணி. பிறகு நெல்மணி "டக்" என்றது. "சரி. சோறு எங்கட பொறுப்பு." அன்று தொடங்கியதுதான் இரண்டாம் பிடி. ஆண்களின் சங்கத்தைக் கடந்து அவள் நேரே அடுப்படிகளுக்குப் போனாள்.

அரிசி சேர்ந்தது. தோணியில் ஏறத்தான் ஆளில்லை. பிணத்தோணியில் உயிரோடு ஏற யாருக்கு மனம் வரும்? காய்ச்சலில் கிடந்த ஒருவர் அதில் போகவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, சுணங்கி, வேறு தோணி பிடித்துப் போனார். வரும்போது சங்கத் தோணியில்தான் வந்தார். அன்னப்பூரணி விளிம்புக்குப் பச்சை வர்ணம் பூசிப் பார்த்தாள். கோயில் தீர்த்தம் வாங்கித் தெளித்தாள். தன் அரிசி மூட்டைகளையும், ஒருமுறை இரண்டு ஆடுகளையும், எல்லாரும் பார்க்கும்படி அதில் ஏற்றி இறக்கினாள். "ஆடு ரெண்டும் சுகமா வந்திட்டு" என்று துறை முழுக்கக் கேட்கச் சொன்னாள். ஊர் ஆட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனது.

பிறகு புஸ்பம் வந்தாள். துறைக்குக் கிட்ட உள்ள பெரிய வீட்டுக்காரி, கதைக்கும்போது கைவளையைச் சுழற்றுகிறவள்.

"போன மாரியில இருந்து எங்கட வீட்டில ஒரு தும்மல்கூட இல்ல அன்னம். நாங்க போட்ட அரிசியைத் தா."

"தும்மல் வரல்லயெண்டு அழுறியா புஸ்பக்கா?"

"பகிடி விடாத. தோணியும் வேணாம், ஒண்டும் வேணாம். எங்கட பங்கைத் தா."

அன்னப்பூரணி வாதாடவில்லை. உமலைக் கவிழ்த்து, சுண்டால் அளந்து, மேலே ஒரு கை அதிகமாகவும் போட்டுக் கொடுத்தாள். புஸ்பம் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவால் போனதை ஊர் பார்த்தது. அடுத்த நாள் இன்னும் சில வீடுகள் வெறும் உமலோடு வந்தன. அவர்களுக்கும் அளந்து கொடுத்தாள். அந்தக் கிழமை முழுவதும் அவள் கொல்லையில் உரல் சத்தம் வழமையைவிடப் பலமாகக் கேட்டது.

புஸ்பத்தின் மருமகள் மங்கையற்கரசிக்கு அப்போது எட்டாம் மாதம். புருசன் உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டையில் அறுவடைக்குப் போயிருந்தான். ஒரு காலை என்னைக் கூப்பிட்டார்கள். முகம் உப்பியிருந்தது. தலையிடி தாங்கமுடியவில்லை, கண் மங்குகிறது என்றாள். முன்காலில் விரலை அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றேன் புஸ்பத்திடம். "வலிப்பு வந்திட்டுதெண்டா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல."

அன்று விடியலிலிருந்து அக்கரையில் வெடிச்சத்தம். வாவியில் எந்தத் தோணியும் இறங்கக்கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். வெள்ளைத்துணி கட்டிய தோணி ஒன்றுதான் போகலாம். மங்கையற்கரசியைக் கதிரையில் உட்காரவைத்து நால்வர் துறைக்குத் தூக்கிவந்தார்கள். அன்னப்பூரணி அதற்கு முன்பே வந்து தோணியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். தோணிக்காரன் தங்கராசா கம்போடு நின்றான். பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அரிசியைத் திருப்பி வாங்கினவங்களுக்குத் தோணி என்னத்துக்கு?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அரிசி வாங்கினது மாமியார்" என்றாள் அன்னப்பூரணி, தலையைத் தூக்காமல். "வயித்துக்குள்ள கிடக்கிறது உன்னிட்ட என்னத்தை வாங்கின?"

"இண்டைக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருத்தம் வந்த பிறகுதான் முட்டி வைப்பாங்க."

"வைக்கட்டும். குசினிக்குள்ள வந்து நான் பாக்கிறன்."

தடுத்தது அந்தக் குரல் அல்ல. தடுத்தவள் புஸ்பம். தோணிக்கும் கதிரைக்கும் நடுவில், முழங்கால் தண்ணீரில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ர மருமகளை உசிரோட இதில ஏத்த எனக்கு ஒண்ணா. இதில படுத்தது ஒண்டும் நடந்து வீட்டுக்கு வரல்ல."

"இந்தத் தோணி அக்கரைக்கு ஒரு பிரேதமும் கொண்டுபோனதில்ல புஸ்பக்கா. அங்கயிருந்து இஞ்சதான் கொண்டுவந்த. இவ போறா, வரல்ல."

யாரோ சிரித்தார்கள். புஸ்பம் சிரிக்கவில்லை. விரித்த கையை இறக்கவும் இல்லை. கதிரையிலிருந்து மங்கையற்கரசி மெதுவாகச் சொன்னாள்: "மாமி, எனக்கு உங்கட முகம் தெரியல்ல."

அன்னப்பூரணி பல்லிடுக்கில் இருந்த நெல்லைக் கடித்தாள். எனக்குக் கேட்டது. பிறர் வீட்டில் உட்காராத அந்தப் பெண், சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பிரேதம் வளர்த்தும் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். தலையை எந்தப் பக்கம் வைப்பார்களோ அந்தப் பக்கமே வைத்தாள்.

"ஐயோ அன்னக்கா, ஒழும்புங்க, சரியில்ல" என்று தங்கராசா பதறினான்.

அவள் எழும்பவில்லை. ஓரமாக ஒதுங்கி, பக்கத்து வைக்கோலை உள்ளங்கையால் தட்டினாள். "வா மகள். இடம் கிடக்கு."

மங்கையற்கரசி கதிரையின் பிடியை விட்டாள். "என்னை இறக்குங்க" என்றாள். தூக்கிவந்தவர்கள் புஸ்பத்தைப் பார்த்தார்கள். புஸ்பத்தின் கைகள் தாமாகவே தாழ்ந்தன. அவர்கள் மங்கையற்கரசியை வைக்கோலில் கிடத்தியதும், புஸ்பம் தோணியின் பின்பக்கம் போய், தோளைக் கொடுத்து, மற்றவர்களுக்கு முன்னால் அவளே தள்ளினாள். இடுப்பளவு தண்ணீர் வரும்வரை விடவில்லை.

மங்கையற்கரசி பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. நிறை குறைவு, அழுகைக்குக் குறைவில்லை. அந்தத் தோணியில் இப்போது ஆட்கள் ஏறுகிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது. ஆனால் அன்னப்பூரணியை நினைத்தால் என் கண்ணுக்கு வருவது இவை அல்ல.

தோணி ஆழத்துக்குப் போய்விட்டது. கரையிலிருந்து பார்த்தால் கம்பு ஊன்றும் தங்கராசாவும் வெள்ளைத்துணியும் மட்டும்தான். படுத்திருந்த இருவரும் தெரியவில்லை. சேலை நனைந்தபடி புஸ்பம் தண்ணீரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தோணிக்குள்ளிருந்து ஒரு கை மேலே எழுந்தது. மயிர் இல்லாத அந்த முன்கை. அது விடைபெறும் கை அல்ல. கரைப் பக்கம், புஸ்பம் நின்ற பக்கம், விரல்களை மடக்கி, ஒரு பிடி அரிசியை அள்ளுவதுபோல் இறுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக் காட்டியது.