அத்தான் மாட்டிய இரட்டை ஹாரன்

சிவப்பு முகமும் கருப்பு முதுகுமாக இரண்டு ஹாரன்கள், காருக்கு மாட்டுகிறவை. அவற்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி நான் பின்னால் உட்கார்ந்திருக்க, அத்தான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புல்லட்டை விரட்டினார். எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் என் அக்காவின் கணவர்; நூற்பாலையில், எந்திரங்கள் ஓயாமல் இரையும் கூடத்தில் பிட்டர். விடுமுறையில் அவரால் வீட்டில் கால் தரிக்க முடியாது. குற்றாலம், தேனி, மூணாறு என்று எங்காவது போயாக வேண்டும். அந்த மாதம் முழுக்க ஒரே புலம்பல்: “ஹாரன் செத்துப்போச்சு மாப்ளே. மலையில வளைவுல எவனுக்குக் கேக்கும்?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் மெக்கானிக் பழைய ஹாரனை அழுத்திப் பார்த்தார். எதிர் டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?”

“எங்க இருக்கு? பூனை மொனங்குத மாதிரி இருக்கு. மாத்துங்க.”

தாங்கு கம்பி பொருத்தி, தடித்த வயர் இழுத்து மாட்டி முடிக்க மத்தியானமாயிற்று. முதல் அலறலுக்கே டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைத் தவறவிட்டார். அத்தான் முகம் மட்டும் தெளியவில்லை. “இம்புட்டுதானா?” என்றார்.

திரும்பும் வழியில் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அத்தான் நடுரோட்டை விட்டு விலகவில்லை. நான் கத்தியும் பயனில்லாமல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். வண்டி ஓரத்து மணலில் இறங்கித் தடுமாறி நின்றது. லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது.

“ஒரு ஹாரன் அடிக்க மாட்டானா அவன்?” என்று கத்தினார்.

“அடிச்சுக்கிட்டேதான் வந்தான், அத்தான்.”

அவர் இறங்கி, புது ஹாரனின் மேல் உள்ளங்கையை வைத்து, என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். வயலில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின.

“கை அதிருது மாப்ளே. காதுலதான் பாதிகூட வரல.”

அவர் சத்தமாகப் பேசுவதை ஆலைக்காரர்களின் பழக்கம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். “ஒங்க அக்காட்ட சொல்லிராத. வண்டிய வித்துருங்கன்னு நிப்பா” என்றார். அந்த வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொன்னால் துரோகம், சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? அடுத்த விடுமுறையில் மூணாறுக்கு அத்தானோடு அக்காவே கிளம்பியபோது, தாங்காமல் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

“காது விஷயந்தான?” என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்த்ததுமே. “எப்பவோ தெரியும். அவிய வாயால சொல்லட்டும்னு இருக்கேன். இன்னைக்கு வண்டியில பின்னால நான் உக்காந்து பாத்துக்கிடுதேன்.”

திரும்பி வந்த மறுநாள் அத்தான் ஆலையில் கேட்டு, இரைச்சல் இல்லாத பிரிவுக்கு மாறினார். என்ன நடந்தது என்று இருவருமே சொல்லவில்லை. இப்போது அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார். காதில் கருவி மாட்டியிருக்கிறார். போன மாதம்தான், அந்த மூணாறுப் பயணத்தைப் பற்றிக் கேட்காமலே சொன்னார்:

“ஒரு வளைவுல வண்டிய நிறுத்திட்டேன் மாப்ளே, சொல்லிருவோம்னு. வாய் வரல. செடியப் பாக்கேன், மலையப் பாக்கேன். எம்புட்டு நேரந்தான் அவளும் பொறுப்பா? என் மொகத்தத் திருப்பி, நல்லா ஒரக்கச் சொன்னா: ‘எனக்குத் தெரியும். மழை வருது, வண்டிய எடுங்க.’”