தம்பி கொடுத்த வாக்குமூலம்

போலீஸ் தேர்வுக்காக என் தம்பி ஓடிப் பழகிய நாட்களில், சேலையூர் ஏரிப் பக்கம் அவன் பின்னாலேயே நான் ஸ்கூட்டியில் போவேன். நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. "இன்னும் ஒரு ரவுண்டுதான்டா, தொந்தியைத் தூக்கிக்கிட்டு ஓடு" என்று கத்துவேன். "அக்கா, சும்மா வா. சிரிச்சா மூச்சு வாங்குது" என்பான்.

அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அவனைவிட ஆறு வயது மூத்தவள். வேலை கிடைத்து முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்ட அன்று, மடிப்பு சரியில்லை என்று என்னை மூன்று முறை இஸ்திரி போட வைத்தான். தெருவில் எல்லோருக்கும் அவன் "போலீஸ் தம்பி" ஆகிவிட்டான். யாருக்குக் காஸ் சிலிண்டர் தூக்க வேண்டும் என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். அவன் வாகனத் தணிக்கை டியூட்டிக்குப் போயிருந்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் ரத்தம். அவனுக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று பதறி ஓடினேன்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. ஒருத்தர் செத்துட்டாரு" என்றான்.

ஹெல்மெட் போடாமல் வந்த ஒருவர், கை காட்டியும் வண்டியை நிறுத்தவில்லை. தம்பி லத்தியைக் குறுக்கே நீட்டியிருக்கிறான். அது ஹேண்டில்பாரில் பட்டு வண்டி சாய்ந்து, நடுத்தடுப்பில் அவர் தலை மோதிவிட்டது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவனும் தம்பிதான். வழியிலேயே உயிர் போய்விட்டது. கோவிலம்பாக்கத்தைச் சேர்ந்த ஏசி மெக்கானிக். நாற்பது வயதுகூட ஆகவில்லை. மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். தம்பி மேல் பிரியமுள்ளவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க சொன்னா கேப்பான். வண்டி தானா சறுக்கி விழுந்துச்சுன்னு எழுதியாச்சு. குடிச்சிருந்த மாதிரி இருந்துச்சுன்னும் போட்டிருக்கோம். கோட்டாட்சியர் ஆர்டிஓ விசாரணையில இவனும் அதையே சொல்லிட்டான்னா முடிஞ்சுது. சின்ன வயசு, வாழ்க்கையைக் கெடுத்துக்க வேணாம்."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் சரி என்றேன். வகுப்பில் காப்பி அடித்த பிள்ளைகளை வெளியே நிற்க வைப்பவள், தம்பிக்குச் சோறு போட்டபடியே அந்தப் பொய்யையே சொல்லும்படி படித்துப் படித்துச் சொன்னேன்.

"நீ வேணும்னா செஞ்ச? ஹெல்மெட் போடாதது அவர் தப்புதானே?"

"ஹெல்மெட் போடலன்னா கேஸ் போடணும்க்கா. லத்தியை நீட்டக் கூடாது. டிரெய்னிங்லயே சொல்லியிருக்காங்க."

"ஜெயிலுக்குப் போவியாடா?"

அவன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். "ரசம் இருக்கா?" என்று கேட்டான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டான். வழக்கு அவன் மேல் திரும்பியது, சஸ்பெண்ட் செய்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் போனை எடுக்கவில்லை. ஒரு வருடம் தாம்பரம் கோர்ட்டுக்கு அலைந்தோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இறந்தவரின் மனைவி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போவேன்.

தீர்ப்பன்று வராந்தாவில் அவரே என் எதிரில் வந்து நின்றார்.

"நீதான் அக்காவா?"

தலையாட்டினேன்.

"எங்க வூட்டுக்காரரு குடிச்சிக்கினு வந்து வுயுந்துட்டாருன்னு தெரு பூரா பேசிக்கினு இருந்தாங்க. அவரு அதைத் தொடவே மாட்டாரு. உன் தம்பி உண்மையைச் சொன்ன பொறவுதான் அந்தப் பேச்சு நின்னுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. எனக்கு மனசு வரல."

"வர வேணாம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே கூப்பிடும்வரை அங்கேயே இருந்தோம்.

ஆறு மாதம் சிறை. மேல்முறையீடு வேண்டாம் என்று அவனே வக்கீலிடம் சொல்லிவிட்டான். வேலையும் போனது. புழலுக்கு நான் மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஸ்கூட்டிக்கு ஆயில் மாத்தினியா?" என்றுதான் முதலில் கேட்பான். கெட்ட கனவு வருகிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னான். வெளியே வந்த அன்று பஸ்ஸில் தாம்பரம் வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினான். அந்தக் கனத்தில் என் கை மரத்துப்போனது, எழுப்ப மனமில்லை.

இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கனவு இன்னும் வருகிறதா என்று நான் கேட்பதில்லை. போன மாதம் பழைய நண்பர் ஒருவர், இன்னும் போலீஸ் வேலையில் இருப்பவர், மார்க்கெட்டில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். "வாயை மூடிக்கினு இருந்திருந்தா ஒரு நாள் ஏட்டு ஆயிருப்ப மச்சான், கெடுத்துக்கினியே" என்று நொந்துகொண்டார். தம்பி சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்த தோசையை அவர் தட்டில் போட்டான்.

"இன்னும் செக்கிங்லதான் போடறாங்களா?"

"ஆமாம்டா."

"வண்டி நிக்காம போனா நம்பரை எழுதிக்கோ. விட்டுடு" என்றான்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். நான் அடுப்பைக் கூட்டி இருவருக்கும் இன்னும் இரண்டு தோசை வார்த்தேன்.