ஹைட்ரோ தண்ணீர்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பதில் இரண்டு வருடமாக எங்கள் வீட்டிலேயே இருந்தது. நான்தான் அதன் வாயை அடைத்து வைத்திருந்தேன். அதனால் தலைநிமிர்ந்து எழுத முடியவில்லை.

நான் கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். காளானிலிருந்து ஒரு என்சைமைப் பிரித்து, அதை வைத்துச் சாயக் கழிவுநீரின் நிறத்தைப் போக்குவது என் வேலை. எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து பெருமாநல்லூரில் குடியிருக்கிறது. அப்பா ஒரு சாயப்பட்டறையில் மிஷின் ஆபரேட்டர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

விலைக்கு வாங்கிய சாயத்தைக் கரைத்துச் சோதித்தால் என் என்சைம் அருமையாக வேலை செய்யும். பட்டறைத் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, இரண்டு வருடம். அந்தத் தண்ணீரை அப்பாதான் கேனில் பிடித்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ்ஸில் கொண்டு வருவார். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் திட்டுவாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

முதல் கேனைக் கொண்டுவந்த அன்றே அப்பா கேட்டார்: "இது ஹைட்ரோ தண்ணிம்மா. பரவால்லையா?"

பக்கத்தில் லேப் தோழிகள் இருவர் நின்றார்கள். "ஹைட்ரோன்னாலே தண்ணிதாம்ப்பா. தண்ணித் தண்ணின்னு சொல்லுதீங்க" என்றேன். நாங்கள் மூவரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அதன் பிறகு அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. நானோ அதை ஹாஸ்டல் முழுக்க ஜோக்காகச் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாம் வருடம் நவம்பரில் கைடு மேடம் கூப்பிட்டார். அவிநாசிக்காரர், அதிர்ந்து பேசாதவர். "பொங்கலுக்குள்ள ரிசல்ட் வரலீன்னா தலைப்ப மாத்திக்கலாங் கண்ணு" என்றார். தலைப்பை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் உதவித்தொகை நின்றுவிடும். அது இல்லாமல் என்னால் படிக்க முடியாது. என் படிப்பு அவ்வளவுதான் என்றே நினைத்தேன். சோறு இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவில் வீட்டுக்கு வந்து மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, தப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் என்பது ஒன்றுதான் என் ஜெபம். தப்பு என்னிடம் இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் குடும்ப ஜெபம். அம்மா முடித்ததும் அப்பா ஆரம்பித்தார். வழக்கமாக அவர் ஜெபிக்கும்போது நான் என் ஆராய்ச்சியை யோசித்துக்கொண்டிருப்பேன். அன்று பசி மயக்கத்தில் யோசிக்கத் தெம்பில்லை. அதனால் காதில் விழுந்தது.

"ஆண்டவரே, நான் படிக்காதவன். நான் கொண்டுபோய்க் குடுக்கது ஹைட்ரோ தண்ணி. அதனாலதான் எம்புள்ளைக்கு வேல ஆவலையோன்னு மனசு அடிக்குது. அவகிட்டச் சொன்னா சிரிப்பா. நீரே அவளுக்கு உணர்த்தும்."

கண்ணைத் திறந்துவிட்டேன். அப்பா கண் மூடியபடியே இருந்தார்.

ஜெபம் முடிந்ததும் ஹைட்ரோ என்றால் என்னவென்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். மிஷினில் ஒட்டிய சாயத்தைக் கழுவப் போடும் வெள்ளைத் தூளாம். ஓடும் மிஷினில் தண்ணீர் பிடிக்க சூப்பர்வைசர் விடமாட்டாராம், கழுவி விடும்போதுதான் பிடிக்க முடியுமாம். அவர் சொன்னது ஹைட்ரோசல்ஃபைட். அந்த முழுப்பெயர் எனக்குத் தெரியும். அது கலந்த தண்ணீரில் என் என்சைம் பிழைக்காது என்பதும் தெரியும். அப்பாவிடம் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதேன்.

அப்பா சூப்பர்வைசரிடம் கெஞ்சி, ஹைட்ரோ படாத தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, அதில் என்சைமை விட்டதும் கண்ணெதிரே நீலம் வெளிறியது. லேபிலேயே முழங்கால் போட்டேன். ஹைட்ரோ கலந்த தண்ணீரை முதலில் எப்படிச் சரிசெய்வது என்பதையும் ஒரு அத்தியாயமாக எழுதினேன். சென்ற ஜூலையில் வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கிடைத்தது. கர்த்தருக்கே மகிமை.

யாரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் அந்தத் தேர்வுக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. "பெரிய ஆளுக இருக்க எடத்துல நான் எதையாவது பேசி, ஒன்னயப் பாத்து நாலு பேரு சிரிச்சிரக் கூடாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மன்னிப்புக் கேட்டேன். என்னத்துக்கு என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிரியமானவர்களே, ஆண்டவர் பதில் தருவார், நம்பிக் கேளுங்கள். ஆனால் யார் வாயால் தருவார் என்பதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஜெபித்தால் காது கொடுத்துக் கேளுங்கள். இப்போது நான் எல்லோரிடமும் கேட்கிறேன், பட்டறையில் மூட்டை தூக்குகிறவரிடம்கூட. அப்பா மட்டும் இன்னும் தன் வேலையைப் பற்றி என்னிடம் வாய் திறப்பதில்லை. வற்புறுத்தினால், படிச்ச பிள்ளைக்குத் தெரியாததா என்று சொல்லி எழுந்துபோகிறார். என்னைப் பற்றி ஆண்டவரிடம் பேசுகிற மனிதர், என்னிடமும் பேச வேண்டும். இப்போது என் ஜெபம் அது ஒன்றுதான். நீங்களும் எனக்காகக் கேளுங்கள்.