யார் யாரைக் கைவிட்டது

என் முதல் மனைவி கனடாவுக்குப் போனபோது நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் அக்கராயனில் இருந்தோம். கலியாணமாகி ஒன்றரை வருடம். அவளுடைய தமையன்மார் அங்கே இருந்ததால் முதலில் அவள் போவது, பிறகு என்னைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்திருந்தோம். நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதங்கள் வரும். ஒரு கடிதத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் சிலவேளை ஒரு போகமே முடிந்துவிடும்.

மூன்றாம் வருடம் விசா நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. வவுனியாவுக்குப் போய், கொழும்புப் பயணத்துக்கு ஆமியிடம் அனுமதிப் பாஸ் கேட்டுவிட்டு, ஒரு லொட்ஜில் பதினெட்டு நாள் கிடந்தேன். பாஸ் கிடைத்தது. அடுத்த நாள் காலை கொழும்பு பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன், ஏறவில்லை. ஊருக்குத் திரும்புகிறவர்களோடு சேர்ந்து திரும்பிவிட்டேன்.

நெல் பால் பிடிக்கிற நேரம், தண்ணீர் கட்ட ஆளில்லை என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், இன்னொரு நாட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பிருக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு களைப்பு. பாஸ் கிடைக்கவில்லை என்று அவளுக்கு எழுதினேன். அவள் நம்பி, மனம் விடவேண்டாம் என்று பதில் போட்டாள்.

பிறகு சண்டை கிளிநொச்சிக்கு வந்தது. மரங்களுக்குக் கீழும் பள்ளிக்கூடங்களிலும் மாறி மாறி இருந்து, கடைசியில் வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் ஒரு வாடகை அறையில் ஒதுங்கினேன். அரிசி மில்லில் வேலை. அந்த அறைக்குத்தான் கனடாவிலிருந்து விவாகரத்துத் தாள் வந்தது. கூடவே அவளுடைய கடிதம். இங்கே விவாகரத்துக்கு யாரிலும் பிழை சொல்லத் தேவையில்லை, ஒரு வருடம் பிரிந்திருந்தாலே போதும், நாங்கள் ஆறு வருடம் பிரிந்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். கோபமில்லாத கடிதம். மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மில்லில் நெல் காயவைக்கும் ஒருத்தியோடு எனக்குப் பழக்கமானது. பூவரசங்குளத்தில் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பெண். புருசன் ஷெல் பட்டு இறந்துபோனவன். சேர்ந்து வாழலாம் என்று நான் கேட்டபோது அவள் உடனே சம்மதிக்கவில்லை.

"பதிவு பண்ணினா வாறேன். அவரு செத்தப்போ, கலியாண சர்டிபிகேட் இல்ல, நீ யாருன்னு கேட்டாங்க. மரணச் சான்றிதழ்ல என் பேரப் போடல. எட்டு வருசம் அவரோட குடும்பம் நடத்தினவ நான்."

அதனால் நான் கனடாத் தாளை எடுத்துக்கொண்டு வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். இதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மறுமணம் எழுதமாட்டார்கள், இங்கத்தைய நீதிமன்றத்திலும் விவாகரத்து எடுத்தாக வேண்டும் என்றார். அக்கராயனில் இருந்தபோது அங்கே புலிகள் நடத்திய நீதிமன்றத்தில் கேட்டிருக்கலாமோ என்று விசாரித்தேன். அந்தத் தீர்ப்பு சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் செல்லாது என்றார்.

"இங்க ஆரோ ஒருத்தர் பிழை விட்டிருக்கவேணும். மூண்டே மூண்டு காரணம்தான் சட்டத்தில இருக்கு. உங்கட விசயத்துக்குப் பொருந்திறது ஒண்டுதான். அவா உங்களை வன்மத்தோட கைவிட்டுப் போனவா எண்டு நீங்கள் சொல்லவேணும்."

"அவா வன்மத்தோட போகேல்லை. ரண்டு பேரும் கதைச்சுத்தான் அனுப்பினனாங்கள்."

"அப்பிடிச் சொன்னால் வழக்கு இல்லை," என்றார் அவர். வெளியே வாங்கில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அவரும் களைத்துத்தான் இருந்தார்.

அன்று பின்னேரம் மில் முற்றத்தில் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் கையில் இருக்க நான் திரும்பி வந்ததையும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் விளக்குமாற்றை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத மட்டும் கோர்ட்டுல சொல்லிப்புடாதீங்க," என்றாள்.

கனடாவுக்கு அழைப்பாணை போனது. செய்கிறதைச் செய்யுங்கள், என்னால் வர முடியாது என்று முதல் மனைவி ஒரு வரியில் எழுதினாள். வழக்கு மூன்று தவணை தள்ளிப்போனது. ஒவ்வொரு தவணைக்கும் அரைநாள் லீவு எடுத்து, சைக்கிளில் போய், பெயர் கூப்பிடும்வரை நின்று, திரும்பி வந்தேன். நான்காம் தவணை என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள்.

"பிரதிவாதி உங்களை வன்மத்தோட கைவிட்டுப் போனவாவோ?" என்று என் சட்டத்தரணி கேட்டார்.

"ஓம்."

"திரும்பி வாற எண்ணம் அவவுக்கு இருந்ததோ?"

"இல்லை."

அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட இல்லை. எதிர்த்துக் கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது பசிதான் எடுத்தது.

விவாகரத்துத் தந்தார்கள்; மூன்று மாதம் கழித்து அந்தத் தீர்ப்பு இறுதியானது. பிரதியொன்றைக் கனடாவுக்கு அனுப்பினேன். பாஸ் விசயத்தையும் எழுதி உள்ளே வைக்க மூன்று தரம் தொடங்கினேன். ஒவ்வொரு தரமும் கிழித்துவிட்டேன். தீர்ப்பை மட்டும்தான் அனுப்பினேன். அதை அவள் வாசித்தாளா என்று தெரியாது. பதில் வரவில்லை.

பதிவாளர் முன் நானும் மில்லில் நெல் காயவைக்கிறவளும் கையெழுத்து வைத்தது ஒரு புதன்கிழமை. அவள் பதிவுத் துண்டை எழுத்தெழுத்தாக வாசித்து, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்தோம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மில் முற்றத்தில் நெல் விரித்திருந்தார்கள். அவள் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்ள, மழைக்கு முன் அள்ளிவிடலாம் என்று இரண்டு பேரும் வேலைக்குப் போனோம்.